கார்டில் வெண்ணெய், சுவரில் எலுமிச்சை: மஞ்சள் பெயின்ட் பற்றி வாசகர் கேள்விகள்

மஞ்சள் சுவர் பற்றிப் போன முறை போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன், அதற்கு வந்த கேள்விகளே இந்தப் பகுதி முழுக்க நிறைந்துவிட்டன. அதனால் இந்த முறை வேறு எதுவும் இல்லை, வீட்டுக்குள் அடிக்கிற கதகதப்பான மஞ்சள் மட்டும்தான். எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன், ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஹாலுக்கு ஷேடு கார்டில் வெண்ணெய் மாதிரி இருந்த ஒரு மஞ்சளைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டு கோட் அடித்துக் காய்ந்த பிறகு பார்த்தால் கண்ணைக் குத்துகிறது. தப்பான டின் கொடுத்துவிட்டார்களா?

பதில்: டின் மேல் ஒட்டியிருக்கும் ஷேடு எண்ணையும் கார்டில் இருக்கும் எண்ணையும் ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள், ஆனால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மஞ்சள் விஷயத்தில் இது எல்லாருக்கும் நடக்கிறது. கார்டில் நீங்கள் பார்த்தது இரண்டு விரல் அகலத் துண்டு, அதைச் சுற்றி முழுக்க வெள்ளைக் காகிதம். சுவரில் அப்படி இல்லை. ஜன்னல் வழியாக வருகிற வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு எதிர்ச் சுவருக்குப் போகிறது, அங்கிருந்து பக்கத்துச் சுவருக்கு, மறுபடி இங்கே. மஞ்சள் பெயின்ட் ஒவ்வொரு முறையும் அந்த வெளிச்சத்திலிருந்து நீலத்தை மட்டும் விழுங்கிவிட்டு மீதியைத் திருப்பி அனுப்புகிறது, அதனால் நான்கு தரம் சுற்றி வந்த வெளிச்சத்தில் மஞ்சளைத் தவிர பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. நான்கு சுவரும் சேர்ந்து ஒன்றையொன்று இன்னும் மஞ்சளாக்குகின்றன. எல்லா நிறத்துக்கும் இது உண்டு, ஆனால் மஞ்சள் வெளிச்சத்தை நிறையத் திருப்பி அனுப்புகிற நிறம் என்பதால் அதில் பளிச்சென்று தெரிகிறது.

சரி, அடித்தாகிவிட்டது, இப்போது என்ன செய்வது? முழுவதையும் சுரண்ட வேண்டாம். ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு சுவர்களில் ஒன்றை மட்டும், மஞ்சள் லேசாக ஓடிய ஆஃப் வைட்டுக்கு மாற்றுங்கள். அந்தச் சுற்று அங்கே உடைந்துவிடும், மீதிச் சுவர்களும் தானாகக் கொஞ்சம் அடங்கும். அதுவும் முடியாவிட்டால் அந்தச் சுவரில் பெரிய புத்தக அலமாரியோ தரை வரை இறங்கும் திரையோ வந்தாலும் ஓரளவு பலன் உண்டு. இனி மஞ்சள் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு: கார்டில் எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதை விட்டுவிட்டு, அதே வரிசையில் இரண்டு கட்டம் மேலே, 'இது மஞ்சளே இல்லையே, வெறும் கிரீம்தானே' என்று தோன்றுகிற, கொஞ்சம் சாம்பல் கலந்த மாதிரி மங்கலாக இருப்பதை எடுங்கள். சுவரில் அதுதான் நீங்கள் ஆசைப்பட்ட மஞ்சளாக வரும்.

கேள்வி: மாதிரி அடித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். சுவரில் ஒரு கை அகலத்துக்கு அடித்துப் பார்த்தால் போதாதா?

பதில்: போதாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் படுக்கையறைக்கு ஒரு மஞ்சளைக் கடையின் டியூப்லைட் வெளிச்சத்திலேயே முடிவு செய்து, வீட்டுக்கு வந்து பழைய நீலச் சுவரின் மேலேயே ஒரு சின்னத் துண்டு அடித்துப் பார்த்தேன். நீலத்துக்கு நடுவில் அது அவ்வளவு அழகாக, தங்கம் மாதிரி ஜொலித்தது. அந்த நீலம் மறைந்து நான்கு சுவரும் மஞ்சளான பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல் அறை முழுக்க ஒரு பச்சை சாயல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடம் அந்த அறையில் எனக்கு நிம்மதியாகப் படிக்கவே முடியவில்லை. பக்கத்தில் இருக்கும் நிறம் நம் கண்ணை அந்த அளவுக்கு மாற்றிவிடும்.

அதனால் சுவரில் அடிக்காதீர்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி கெட்டி அட்டை ஒன்று எடுத்து, சுற்றி இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை விட்டு, உள்ளே இரண்டு கோட் அடித்து முழுதாகக் காய விடுங்கள். ஈரமாக இருக்கும்போது தெரிகிற நிறத்தை நம்ப வேண்டாம். காய்ந்ததும் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு நாள், ஜன்னல் இருக்கும் சுவரிலேயே ஒரு நாள், மூலையில் ஒரு நாள் என்று சாய்த்து வைத்து, காலை, நடுப்பகல், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள். முடிந்தால் இதே மாதிரி இரண்டு அட்டை செய்து, மூலையில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிறுத்துங்கள். நடுவில் சேருகிற அந்த மடிப்பில் தெரிகிற நிறம்தான் நாளைக்கு உங்கள் அறையின் நிறம். சோபாத் துணி, தரை, கதவு எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவும் அட்டைதான் வசதி.

கேள்வி: எங்கள் நடு அறையில் வெயிலே விழாது. மஞ்சள் அடித்தால் வெளிச்சமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. அடிக்கலாம், ஆனால் எந்த மஞ்சள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயின்ட் வெளிச்சத்தை உண்டாக்காது, விழுகிற வெளிச்சத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். எவ்வளவு திருப்பித் தரும் என்பதைப் பல கம்பெனிகள் ஷேடு கார்டிலேயே எல்ஆர்வி என்று ஒரு எண்ணாகப் போட்டிருப்பார்கள், முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. இருட்டு அறைக்கு எழுபதுக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள்.

ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து எலுமிச்சை மஞ்சளை எடுத்துவிடாதீர்கள். மஞ்சள் பெயின்டில் ஒரு துளி கறுப்பைக் கலந்து பாருங்கள், அது கரும் மஞ்சளாகாது, பாசி மாதிரிப் பச்சையாகும். இருட்டு அறையில் நிழலும் அதே வேலையைத்தான் செய்கிறது. சுவரின் மேல் பகுதி மஞ்சளாக இருக்கும், அலமாரிக்குப் பின்னாலும் மூலையிலும் பச்சையாகத் தெரியும், அப்புறம் அந்த அறைக்கு ஒரு நோய்க்களை வந்துவிடும். ஜெர்மன் கவிஞர் கதே 1810-ல் நிறங்களைப் பற்றி வெளியிட்ட நூலில், மஞ்சள் தூய்மையாக இருக்கும்போது மகிழ்ச்சியான, மென்மையான நிறம், ஆனால் அழுக்கானாலோ பச்சைப் பக்கம் சாய்ந்தாலோ சட்டென்று அருவருப்பாகிவிடும் என்று கந்தகத்தின் நிறத்தை உதாரணம் காட்டிச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன காரணங்களை எல்லாம் நான் ஏற்கவில்லை, கவனித்தது மட்டும் அப்படியே உண்மை.

அதனால் வெயில் விழாத அறைக்குச் சிவப்புப் பக்கம் சாய்ந்த மஞ்சள்தான் நல்லது. மஞ்சள் காவி, சந்தனம், தேன் என்று பெயர் வைத்திருக்கிற ஷேடுகளின் வெளிறிய வகைகளைப் பாருங்கள். நிழலில் அவை பச்சைக்குப் போகாமல் பழுப்புக்குப் போகும், அது கண்ணுக்கு இதமாக இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிக்கணக்கில் உட்காருகிற அறையை விட, கடந்து போகிற இடத்தில் மஞ்சளுக்கு மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். பின்லாந்தில் அல்வார் ஆல்டோ வடிவமைத்து 1933-ல் திறந்த பைமியோ காசநோய் மருத்துவமனையில் மாடிப்படிகளுக்கும் முன்கூடத்துக்கும் பளிச்சென்ற மஞ்சள் தரை போட்டிருந்தார், ஆனால் நோயாளிகள் நாள் முழுக்கப் படுத்திருக்கும் அறைகளில் கூரைக்கு அடங்கிய பச்சை. வருடத்தில் பல மாதம் வெயிலே சரியாக வராத ஊர் அது. உங்கள் வீட்டிலும் நடு அறையைச் சந்தன நிறத்தில் விட்டுவிட்டு, அதிலிருந்து உள்ளே போகிற நடைக்கோ மாடிப்படிச் சுவருக்கோ நல்ல அழுத்தமான மஞ்சளைக் கொடுத்துப் பாருங்கள். அறையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் அங்கே வெயில் விழுகிற மாதிரி இருக்கும்.

கேள்வி: பகலில் அழகாக இருக்கிற எங்கள் மஞ்சள் சுவர், ராத்திரி லைட் போட்டால் அசிங்கமாகத் தெரிகிறது. பெயின்டை மாற்ற வேண்டுமா?

பதில்: பல்பை மாற்றுங்கள். பல்ப் அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். உங்கள் வீட்டில் இருப்பது 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளையாகத்தான் இருக்கும். அதை மாட்டினால் கதகதப்பான மஞ்சள்கூட வெளிறிப்போய் எலுமிச்சைப் பக்கம் திரும்பும். 3000 கெல்வின் போடுங்கள். 2700 இன்னும் இதமானது, ஆனால் சுவர் ஏற்கெனவே அழுத்தமான மஞ்சள் என்றால் 2700 அதை ஆரஞ்சுக்கு இழுத்துவிடும். அதே பெட்டியில் சிஆர்ஐ என்று இன்னொரு எண்ணும் இருக்கும், 90-க்கு மேல் இருந்தால் நிறங்கள் உள்ளபடி தெரியும், தோலின் நிறமும் சேர்த்து. ஒரே அறையில் ஒரு மூலையில் 3000, இன்னொரு மூலையில் 6500 என்று கலந்து மாட்டாதீர்கள், ஒரே பெயின்ட் இரண்டு பெயின்ட் மாதிரித் தெரியும்.

கேள்வி: வெள்ளைக்கு இரண்டு கோட் போதும், மஞ்சளுக்கு நான்கு கோட் ஆகும் என்கிறார் பெயின்டர். கூலிக்காகச் சொல்கிறாரா?

பதில்: இல்லை, அவர் சொல்வது நியாயம்தான். பெயின்ட் அடியில் இருப்பதை மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற வெள்ளை நிறமி. வெளிர் நிறங்களில் அது தாராளமாக இருக்கும். அழுத்தமான மஞ்சளில் அதைப் போட்டால் நிறம் வெளிறிவிடும், அதனால் மிகக் குறைவாகவோ இல்லாமலோதான் கலக்கிறார்கள். கூடவே, பளிச்சென்ற மஞ்சளுக்குப் பரவலாகப் பயன்படுகிற கரிம நிறமிகள் கண்ணாடி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு காலத்தில் ஈயக் குரோமேட் என்ற நிறமி இருந்தது, நன்றாக மறைக்கும், விலையும் குறைவு. ஆனால் அதில் ஈயம், குரோமியம் இரண்டும் உண்டு, வீட்டுக்குள் இருக்கவே கூடாத பொருள். இன்று பிஸ்மத் வனடேட் என்ற நிறமி சேர்த்த மஞ்சள்கள் கிடைக்கின்றன, அவை நன்றாக மறைக்கும், வெயிலுக்கும் தாங்கும், விலை மட்டும் கூடுதல். மஞ்சள் காவிக்கு நிறம் தருவது இரும்பு ஆக்ஸைடு, அதுவும் நன்றாக மறைக்கும், வெளுக்கவே வெளுக்காது. குகை ஓவியங்களில் இன்னும் நிற்கிற மஞ்சள் அதுதான். அடங்கிய மஞ்சளை நான் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோட்டைக் குறைக்க வழி உண்டு. பட்டி பார்த்த பிறகு அடிக்கிற பிரைமரிலேயே அதே மஞ்சளின் வெளிறிய சாயலைக் கலந்து கேளுங்கள். நான்கு கோட் ஆகிற வேலை பெரும்பாலும் இரண்டில், அதிகம் போனால் மூன்றில் முடியும். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர், ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டு, எல்லா டின்னையும் ஒரே நாளில் வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிட்டு அடியுங்கள். மஞ்சளில் டின்னுக்கு டின் உள்ள சின்ன வித்தியாசம்கூட சுவரின் நடுவில் கோடு போட்ட மாதிரித் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடாக இருந்து, சுவரிலோ கதவிலோ பல வருடத்துப் பழைய மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எனாமல் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. பரிசோதிக்காமல் உப்புத்தாள் போட்டுக் காய்ந்த தூசியைக் கிளப்பாதீர்கள். குழந்தைகளும் கர்ப்பமாக இருப்பவர்களும் இருக்கும் வீட்டில் இது கட்டாயம், அந்த வேலை முடிந்து நன்றாகத் துடைக்கும் வரை அவர்கள் வேறு இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: மஞ்சள் அறையில் குழந்தைகள் அதிகம் அழும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பேச்சு, உறுதியான ஆதாரம் கிடையாது. மிக அழுத்தமான மஞ்சள் தூங்குகிற அறைக்கு வேண்டாம் என்று நானும் சொல்வேன், அது பெரியவர்களுக்கும்தான். வெளிர் மஞ்சளில் பயப்பட ஒன்றும் இல்லை.

கேள்வி: 78 வயது அம்மாவின் அறைக்கு வெளிர் மஞ்சள் சுவர், வெள்ளைக் கதவு, வெள்ளை ஸ்விட்ச் என்று யோசித்திருக்கிறோம். சரியாக இருக்குமா?

பதில்: மஞ்சள் சரி. கூடவே வெள்ளை வைப்பதுதான் பிரச்சினை. வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மெல்ல மஞ்சளாகிறது, நீல வெளிச்சம் உள்ளே போவது குறைகிறது. நமக்குத் தனித்தனியாகத் தெரிகிற வெள்ளையும் வெளிர் மஞ்சளும் அம்மாவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியலாம். அப்படியானால் கதவு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது, ஸ்விட்ச் எங்கே என்று ராத்திரி எழுந்திருக்கும்போது தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மஞ்சளை வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்குப் பிடித்திருந்தால் நிச்சயம் வைத்துக்கொள்ளுங்கள். கதவுச் சட்டத்துக்குக் கரும் பழுப்போ அடர்ந்த நீலமோ கொடுங்கள். ஸ்விட்ச் பலகையைச் சுற்றி அதே அடர் நிறத்தில் ஒரு பட்டை, பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பிக்கும் அதே நிறம். நிறம் எது என்பதைவிட, ஒன்று வெளிர் என்றால் பக்கத்தில் இருப்பது அடர்த்தியாக இருப்பதுதான் முக்கியம். இன்னொன்று, பெயின்ட் மேட் ஃபினிஷாக இருக்கட்டும். பளபளப்பான சுவரிலிருந்து வருகிற கூச்சம் வயதான கண்ணுக்கு மிகவும் சிரமம். கட்டிலுக்குப் பக்கத்தில் கை படுகிற உயரம் வரை மட்டும், துடைக்க வசதியாக, லேசான பளபளப்பு உள்ள சாட்டின் ஃபினிஷ் அடிக்கலாம். அட்டை மாதிரியை அம்மாவிடம் காட்டி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், அவர் கண்ணுக்குத் தெரிகிற நிறம் நமக்குத் தெரியாது.

கேள்வி: மஞ்சள் சுவருக்குச் சீலிங் தூய வெள்ளை அடித்தோம். ஏனோ சீலிங் நீலமாக, ஒட்டாமல் தெரிகிறது. இதற்கு எந்த நிறம்தான் பொருந்தும்?

பதில்: உங்கள் கண் செய்கிற வேலை அது. அழுத்தமான ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் வைத்த வெள்ளை, அதன் எதிர் நிறத்தைக் கொஞ்சம் பூசிக்கொண்ட மாதிரித் தெரியும், மஞ்சளுக்கு எதிர் நீலமும் ஊதாவும். பிரான்சில் கோபலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மங்க வைத்திருந்தது. அதை விரிவாக ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய நூலே எழுதினார். முதல் கேள்வியில் டின் மேல் சந்தேகப்பட்டவருக்கும் இந்தக் கதை பொருந்தும்.

சீலிங்குக்குச் சுவரின் அதே மஞ்சளைக் கால் பங்கு மட்டும் கலந்த வெள்ளையை அடியுங்கள். மேலே பார்த்தால் வெள்ளை என்றுதான் சொல்வார்கள், ஆனால் சுவரோடு சேர்ந்துகொள்ளும். கதவுக்கும் ஜன்னலுக்கும் வெள்ளை வேண்டும் என்றால் எண்ணெயில் கரைகிற எனாமல் வேண்டாம், வெளிச்சம் குறைந்த இடத்தில் அது நாளடைவில் தானாகவே மஞ்சளாகிவிடும், அப்புறம் அது சுவரின் மஞ்சளோடு சேரவும் சேராது. தண்ணீரில் கரையும் வகையை எடுங்கள்.

வேறு எந்த நிறம் என்று கேட்டால், நீலம்தான், கொஞ்சமாக. பிரெஞ்சு ஓவியர் மோனே, ஜிவர்னி கிராமத்தில் இருந்த தன் வீட்டின் சாப்பாட்டு அறையில் சுவர், நாற்காலி, அலமாரி எல்லாவற்றையும் இரண்டு வகை மஞ்சளில் அடித்து, நீலமும் வெள்ளையும் கலந்த பாத்திரங்களை வைத்தார். பக்கத்துச் சமையலறை நீலம், வாசல் வழியாக ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பார்க்கலாம். ஒரே அறையில் பாதிக்குப் பாதி மஞ்சளும் நீலமும் வைத்தால் இரண்டும் சண்டை போடும், அவர் செய்ததைப் போல ஒன்றை அறையாகவும் இன்னொன்றை வாசலுக்கு அப்பாலும் விட்டால் இரண்டும் அழகு.

கேள்வி: குளியலறைக் கண்ணாடிச் சுவருக்கு மஞ்சள்?

பதில்: வேண்டாம். சுவரின் மஞ்சள் முகத்தில் விழுந்து, நன்றாக இருப்பவர்கூட காமாலை வந்த மாதிரித் தெரிவார். கண்ணாடிக்கு எதிர்ச் சுவருக்கும் இதே பதில்தான், வேறு பக்கத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு வருடத்துக்கு முன் அடித்த மஞ்சள் சுவரில் ஆணி அடித்த ஓட்டையை அடைத்து, மீதி இருந்த அதே பெயின்டைத் தொட்டுப் பூசினோம். திட்டுத் திட்டாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: ஒரு வருடத்தில் சுவர் கொஞ்சம் வெளுத்திருக்கும், டின்னில் இருந்தது வெளுக்கவில்லை. மேலும் சுவரில் ரோலர் ஓடியிருக்கிறது, நீங்கள் பிரஷ் வைத்திருப்பீர்கள், அந்த மேற்பரப்பு வேறு மாதிரி வெளிச்சத்தைத் திருப்பும். மஞ்சளில் திட்டுப் பூச்சு மறைவது கடினம். ஓட்டையை அடைத்த இடத்தில் மட்டும் பிரைமர் வைத்துவிட்டு, அந்தச் சுவரை ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை ரோலரால் ஒரு கோட் ஓட்டிவிடுங்கள். மூலையில் சுவர் திரும்புவதால் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. மீதியைப் பெரிய டின்னில் பாதியாக வைக்காமல், காற்றுப் புகாத சின்னக் கண்ணாடி ஜாடியில் விளிம்பு வரை ஊற்றி வையுங்கள். அறை, ஷேடு எண், அடித்த தேதி மூன்றையும் மூடியில் எழுதாமல் ஜாடியின் பக்கத்தில் எழுதுங்கள், மூடி மாறிப்போகும்.